சும்மா போகிற உடுப்பு

"உம்மா, மையத்து ஊட்டுக்கா போறீங்க?"

கண்ணாடிக்கு முன்னால் நின்ற என்னைப் பார்த்து மகள் கேட்டாள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. அஸர் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கறுப்பு ஹபாயா, கறுப்பு ஸ்கார்ப், தோளில் பாடசாலைக்குக் கொண்டுபோகும் பெரிய பை. இதுதான் என் கோலம். அவள் பகிடிக்குக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். உண்மையாகவே யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து, முகத்தில் சின்னக் கவலையோடு கேட்டாள். அதுதான் என்னைச் சுட்டது.

ஒருவரும் மௌத்தாகவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்துச் சிநேகிதிகள் இரண்டு பேரோடு எல்லவுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவதுதான் ஏற்பாடு. ஒருத்தி பதுளையில் கணிதம் படிப்பிக்கிறா. மற்றவ ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் பிறந்து, இப்போது தோட்டப் பாடசாலையிலேயே ஆரம்பப் பிரிவு டீச்சர். இருபத்தைந்து வருடப் பழக்கம். ஆனால் கடைசியாக மூவரும் சேர்ந்து நின்றது கணித டீச்சருடைய வாப்பாவின் ஜனாஸாவில். அன்று படியிறங்கும்போது தோட்டத்து டீச்சர் சொன்னா: "சாவு வீட்டுலயும் கல்யாண வீட்டுலயும்தான் நம்ம மூனு பேரும் மூஞ்சிய பாத்துக்கிறோம். ஒரு நாளைக்கி சும்மா பாப்போமே."

அந்தச் 'சும்மா'வுக்குத்தான் என்னிடம் உடுப்பு இருக்கவில்லை.

அலுமாரியைத் திறந்து காட்டுகிறேன், பாருங்கள். மேல் தட்டில் கலியாண வீட்டுக்குப் போகிற சாரிகளும் கல் பதித்த இரண்டு ஹபாயாக்களும். நடுத் தட்டில் பாடசாலைக்குக் கட்டுகிற சாரிகள், நீளக்கைச் சட்டைகள், அவற்றுக்கு நிறம் பார்த்து வாங்கிய ஸ்கார்ப்புகள். கீழே வீட்டு உடுப்பு. அதைப் பற்றி எழுதினால் மகள் இந்தச் சஞ்சிகையைப் பாடசாலைக்குக் கொண்டுவரமாட்டாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் இந்தக் கறுப்பு ஹபாயா. ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு, மையத்து வீட்டுக்கு, அவசரத்துக்கு. எனக்கு 48 வயது. இந்த அலுமாரியில் யாரோ ஒருவருக்காகப் போகிற இடங்களுக்கெல்லாம் உடுப்பு இருக்கிறது. எனக்காகப் போகிற இடம் ஒன்று வரும் என்று அதை அடுக்கியவளுக்குத் தோன்றவே இல்லை. அடுக்கியவள் நான்தான்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். கையில் தொலைபேசி இருக்கிறது. ஆகவே இந்த உலகத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கட்டிலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாள். "கஷ்டப்பட்டு உடுத்த மாதிரி வெளங்கக் கூடாது உம்மா. ஆனா வடிவா ஈக்கணும். அதுதான் இப்ப ஸ்டைல்." நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் வெள்ளைச் சட்டையும் தொளதொளக் காற்சட்டையுமாக, காற்றில் நடந்து வருகிற வீடியோக்களைக் காட்டினாள். அந்தப் பெண்களில் ஒருவருக்கும் வயிறு இல்லை. ஒருவர் கையிலும் குடை இல்லை. நமது ஊவாவில் ஐப்பசி, கார்த்திகையில் குடையில்லாமல் பின்னேரம் வெளியே இறங்குகிறவள் ஸ்டைலானவள் அல்ல, புத்தியில்லாதவள்.

ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். அவளுடைய நீளச் சட்டையையும் அகலக் காற்சட்டையையும் உடுத்திப் பார்த்தேன். அவளுடைய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தையும் போட்டேன். கண்ணாடியில், மகளின் உடுப்பைத் திருடிக்கொண்டு ஓடப்போகிற ஒரு தாய் நின்றாள். கழற்றிவிட்டுப் பெருநாளைக்கு எடுத்த கல் ஹபாயாவைப் போட்டேன். "இப்ப கலியாண ஊடு," என்றாள். மையத்து வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு முழு நீளத் துணியும் கிடைக்கவில்லை.

கணவர் எட்டிப் பார்த்து, "என்ன விசேசம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல. சும்மா."

"சும்மாவா?" என்றார். அவருடைய குரலில் கோபமில்லை, தடையுமில்லை. ஆச்சரியம் மட்டும்தான். அந்த ஆச்சரியத்தோடு நான் தோற்றுப்போனேன். அஸரைத் தொழுதேன். இருவருக்கும் கோல் எடுத்து, தலைவலி என்று பொய் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி, உடனேயே, "பரவாயில்ல, இன்னொரு நாளைக்கிப் பாப்பம்," என்றார்கள். அவ்வளவு சுருக்காகச் சம்மதித்தது எனக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது.

அன்று இரவு என் உம்மாவின் ஞாபகம் வந்தது. 1982ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். எனக்கு ஆறு வயது. உம்மாவும் சாச்சியும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பதுளைக்குப் போனார்கள். சாமான் வாங்க அல்ல. கடைவீதியில் இந்தப் பக்கம் நடந்து, அந்தப் பக்கம் திரும்பி வந்து, ஒரு ஹோட்டலில் திரை போட்ட குடும்ப அறைக்குள் பலூடா குடித்துவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான். உம்மா கட்டியிருந்தது ஒரு வொயில் சாரி. வெளிர் நிறம், சின்னப் பூ. பலமுறை கழுவியதால் துணி கைக்குட்டை மாதிரி மெதுமெதுவென்று இருக்கும். முந்தானையைத் தலைக்கு மேலால் இழுத்து முக்காடு. பின் இல்லை, ஊக்கு இல்லை. ஆகவே அது நழுவும்; நழுவ நழுவ உம்மாவின் கை தானாக மேலே போய் அதைச் சரிசெய்துவிட்டு இறங்கும். கதைத்துக்கொண்டே செய்வா, காசு எண்ணிக்கொண்டே செய்வா. மகள் தேடுகிற 'கஷ்டப்படாத வடிவு' அந்தக் கையசைவில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பழசைப் புகழ்ந்து புதிதைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உம்மாவுடைய உம்மா கம்பாயமும் துப்பட்டியுமாக வாழ்ந்தவ. அவவுக்கு மகளின் வொயில் சாரியே நாகரிகமாகத் தெரிந்திருக்கும். பிறகு நம் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் அதற்கென்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே வந்துவிட்டது. போனவர்களின் பெட்டிகளில் ஹபாயாவும் வந்தது. மார்க்க அறிவும் பரவியது. பெண்பிள்ளைகள் ஓதினார்கள், படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். முக்காட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஸ்கார்ப் கட்டினால் இரண்டு கையும் நமக்குச் சொந்தம். கரும்பலகையில் எழுதுகிறவளுக்கு அதன் அருமை தெரியும். நான் திரும்பிப்போக விரும்பவில்லை. உம்மாவுக்கு இருந்த அந்தப் பலூடாப் பின்னேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அழகாக உடுக்க ஆசைப்படுவது பெருமையாகிவிடுமோ என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. வயது போகப்போக அது கூடுகிறது. "இந்த வயசுல என்ன அலங்காரம்" என்று யாரும் சொல்லமுன் நாமே சொல்லிக்கொள்வோம். ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. தன் உடுப்பும் பாதணியும் நன்றாக இருக்கவேண்டும் என்று ஒருவர் விரும்புவதைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகப் பார்ப்பதும்தான் என்று விளக்கினார்கள். இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது அன்றுதான்.

அடுத்த கிழமை அலுமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய ஹபாயாவை எடுத்தேன். ஒலிவ் பச்சை. பருத்தியும் லினனும் கலந்த துணி. நாலு வருடத்துக்கு முன் எடுத்தது. கையில் வைத்திருந்த கல் லேஸ் பாதி கொட்டி, கரை தேய்ந்து, சமையலறை உடுப்பாகிவிட்டிருந்தது. ஹாலிஎல டவுனில் ஒரு தையல் அக்கா இருக்கிறா, தோட்டத்தைச் சேர்ந்தவ. அவவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவ துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தா. "என்னாங்க டீச்சர், இவ்வளவு நல்ல துணிய அடுப்படியில போட்டு வச்சிருக்கீங்க? நீங்க போட்டிருக்கிறதுதான் அடுப்படிக்குப் போகணும்." நான் போட்டிருந்தது நிதா துணி. பார்க்கப் பளபளவென்று, கசங்காமல் இருக்கும். ஆனால் அது பொலியெஸ்டர், வேர்வையை உறிஞ்சாது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் இதை வாசித்தால் விளங்கிக்கொள்வார்கள். உடம்பு திடீரென்று, காரணமில்லாமல், கழுத்திலிருந்து மேலே கொதிக்கும். இரண்டு நிமிடத்தில் வேர்த்து, பிறகு குளிரும். அந்த நேரத்தில் கறுப்புப் பொலியெஸ்டருக்குள் நிற்பது சுடுநீர்ப் போத்தலுக்குள் நிற்பது மாதிரி. உம்மாவின் வயதில் எனக்கு வேண்டியது பருத்தி என்பதை ஒரு தையல்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

லேஸை முழுவதும் பிரித்தெடுத்தா. கரையை ஒரு அங்குலம் வெட்டி மடித்தா. தரையைத் தொடாமல், ஆனால் கால் தெரியாமல். எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. போட்டு நடந்தபோதுதான் விளங்கியது, இவ்வளவு காலமும் படியேறும்போதெல்லாம் ஒரு கையால் துணியைத் தூக்கிக்கொண்டே வாழ்ந்திருக்கிறேன் என்று. தோள் தையலை அரை அங்குலம் உள்ளே எடுத்தா. பிறகு, "கண்ணாடிய பாக்காதீங்க டீச்சர், உக்காந்து பாருங்க," என்றா. உட்கார்ந்தேன். "பஸ்ஸுல கம்பிய புடிக்கிற மாதிரி கைய தூக்குங்க." தூக்கினேன், கை வழுகி முழங்கைக்கு இறங்கியது. மணிக்கட்டில் ஒரு சின்ன இலாஸ்டிக் வைத்துத் தைத்தா. வீட்டுக்கு வந்து ருகூஉக்குக் குனிந்து, ஸுஜூதுக்குப் போய் நானும் ஒரு சோதனை செய்தேன். எங்கும் இழுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் 400 ரூபாய்.

மகள் சொன்ன அந்த ஸ்டைலுக்கு இத்தாலிக்காரர்கள் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: ஸ்ப்ரெட்சத்தூரா. 1528இல் காஸ்திலியோனே என்பவர் அரசவைக்காரர்களுக்காக எழுதிய நூலில் வருவது. பாடுபட்டுச் செய்ததைப் பாடுபடாமல் செய்தது போலக் காட்டுவது என்று அதற்குப் பொருள். அந்த அரசவைக்காரனின் சட்டையை யார் கழுவினார்கள், யார் அயன் பண்ணினார்கள் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். நம்முடைய சட்டையை நாமே கழுவி அயன் பண்ணவேண்டியிருப்பதால், நமக்குப் பாடு முந்திய நாளே முடிந்துவிடவேண்டும். வெள்ளிக்கிழமை இரவே எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். செங்கல் நிறத்தில் ஒரு வொயில் ஸ்கார்ப். பருத்தி பருத்தியைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே உள்ளே ஒரு தொப்பியும் மேலே ஒரு பின்னும் போதும். வழுக்குகிற சாட்டினுக்கு ஐந்து பின் குத்தியும் தலையைத் திருப்பப் பயந்துகொண்டே இருப்பேன். காலுக்குப் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. ஒரு வருடம் பழகிய கபிலத் தோல் செருப்பைத் துடைத்து மினுக்கினேன். பழகாத செருப்போடு எல்லவின் ஏற்றத்தில் நடக்கிற பெண்ணின் முகத்தில் எந்த ஸ்டைலும் நிற்காது. பாடசாலைப் பையை வீட்டில் விட்டேன். காசு, தொலைபேசி, கண்ணாடிக்கூடு மட்டும் கொள்ளும் ஒரு சின்னத் துணிப்பை.

புறப்படும்போது மகள் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கணவர், "குடைய எடுங்க, எல்லயில குளிர் ஈக்கும்," என்றார். அவர் சொன்னது சரி. பதுளை 700 மீற்றருக்கும் கீழே, எல்ல 1,000 மீற்றருக்கு மேலே. அரை மணித்தியாலப் பயணத்தில் உடம்பு இரண்டு காலநிலை பார்க்கும். ஒரு சால்வையையும் எடுத்துக்கொண்டேன்.

பதுளையிலிருந்து வந்த பஸ்ஸில் கணித டீச்சர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தா. உடுவர, தெமோதர தாண்டி, கும்பல்வெலயில் திரும்பி எல்லவில் இறங்கியபோது தோட்டத்து டீச்சர் முன்னமே வந்து நின்றா. மூவரும் ஒருவரையொருவர் மேலிருந்து கீழ் பார்த்துக்கொண்டு சிரித்தோம். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. போன முறை நான் கோல் எடுத்த நேரம் கணித டீச்சர் கட்டிலில் மூன்று சாரியைப் பரப்பி வைத்துக்கொண்டு அழாக்குறையாக உட்கார்ந்திருந்தாவாம். மற்றவ அதற்கென்றே ஒரு சல்வார் வாங்கி, அது புயத்தில் இறுகி, எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றாவாம். "ஒங்க தலைவலிக்கி நான் மனசுக்குள்ள நன்றி சொன்னேன் டீச்சர்," என்றா. என் தலைவலியின் கதையை நானும் சொன்னேன்.

எல்லவின் தெரு உங்களுக்குத் தெரியும். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் யானைப் படம் போட்ட தொளதொளக் காற்சட்டையோடு திரிகிறார்கள். எங்களுக்கு அடுத்த மேசையில் வெள்ளைத் தலை அம்மா ஒருவர் இருந்தா, அறுபதுக்கு மேல். மங்கிய நீலப் பருத்திக் கவுன், இறப்பர் செருப்பு, குதிகாலில் காய்ந்த சேறு. கணித டீச்சர் என் காதில், "பாத்தீங்களா, அதுதான் சும்மா போற உடுப்பு," என்றா. எனக்கு அவவைப் பார்த்து லேசாகப் பொறாமை வந்தது. பிறகு நினைத்தேன், 'என்ன விசேசம்' என்று கேட்கக்கூடிய எல்லாரையும் அவ பல ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்திருக்கிறா. அவவுடைய ஊரில் அவவும் கண்ணாடி முன் நிற்கிறாவோ என்னவோ.

பிளேன்டீ வந்தது. விலையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து டீச்சர் சிரித்தா. "எங்கம்மா பறிச்ச கொழுந்துக்கு நான் குடுக்கிற காசப் பாருங்க." அம்மாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா. மலையில் இடுப்பில் படங்கும் தலையில் கொங்காணியுமாக நின்றவ, சம்பள நாளில் குளித்து, சாரி கட்டி, பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு மகளோடு டவுனுக்கு இறங்குவாவாம். 1983 ஜூலையில் பதுளையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்குப் பிறகு முதல் தடவையாக டவுனுக்குப் போன அன்று, ரோட்டுக்கு வந்ததும் அம்மா நின்று, சாரித் தலைப்பால் பொட்டைத் துடைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கை காட்டினாவாம். "எனக்கு ஏழு வயசு. ஏம்மா அழிச்சிங்கன்னு கேட்டேன். வேர்வைன்னு சொன்னாங்க."

அவ இதை எங்களிடம் இருபத்தைந்து வருடத்தில் சொன்னதே இல்லை.

பிறகு நான் சொன்னேன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்தவை. முகத்தை மூடுவதைத் தடைசெய்து அந்த மாதம் 29ஆம் திகதி அவசரகால விதி வந்தது. நான் முகம் மூடுகிறவள் அல்ல. என் ராத்தா மூடுகிறவ. சட்டம் வந்த பிறகு அவ முகத்தைத் திறந்துகொண்டு வெளியே வரவில்லை. வெளியே வருவதையே நிறுத்திவிட்டா. நான் பஸ்ஸில் ஏறினால் கறுப்பு ஹபாயாவின் பக்கத்து இருக்கை கடைசி வரைக்கும் காலியாக வந்த நாட்கள் உண்டு. அடுத்த வருடம் கொரோனா வந்து, முகத்தை மூடாதவர்கள் வெளியே வரக்கூடாது என்று ஆனபோது ராத்தா தொலைபேசியில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த வருடங்களில்தான், தேவையில்லாமல் எங்கும் போகாத பழக்கம் என்னில் ஊறியிருக்கவேண்டும். அலுமாரியில் 'சும்மா'வுக்கு இடம் இல்லாமல் போனதற்கு என் சோம்பல் மட்டும் காரணமல்ல.

கணித டீச்சர் இரண்டையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "டீ ஆறிப்போச்சு. இன்னொண்டு எடுப்பம். விலையப் பாக்காதீங்க," என்றா.

மஃரிப் நேரமானதும் கடையில் இருந்த சிங்களத் தம்பி மேல் மாடியில் பாய் விரித்துத் தந்தார். உடுத்த உடுப்போடு, ஒன்றையும் மாற்றாமல், இழுக்காமல், நாங்கள் இருவரும் தொழுதுவிட்டு இறங்கினோம். மற்றவ எங்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, கட்லட்டுக்குக் காவலிருந்தா. மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்துக்கு ஒரு குடைக்குள் மூன்று பேர் ஓடியபோது என் ஹபாயாவின் கரையில் சேறு படவில்லை. தையல் அக்காவை நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இஷா ஆகிவிட்டது. "எப்படி உம்மா?" என்று மகள் கேட்டாள். "சும்மா போய்ட்டு வந்தம்," என்றேன். அடுத்த மாதத்துக்கும் நாள் குறித்திருக்கிறோம். இந்த முறை பதுளையில், பலூடா.

இரண்டு நாள் கழித்து மகள் கதவடியில் வந்து நின்றாள். சிநேகிதியின் வீட்டுக்குப் போக அந்த ஒலிவ் பச்சை ஹபாயாவைத் தரமுடியுமா என்று கேட்டாள். கொடுக்கவில்லை.